பின்பாட்டுதான் பாட்டு: காஸ்பல் வழியில் ஒரு சமூகக் கொயரை நடத்துவது எப்படி

அமெரிக்க அடிமைகளின் பாடல்களைத் திரட்டி 1867-ல் முதன்முதலாகப் புத்தகமாக்கிய மூன்று வெள்ளைக்காரத் தொகுப்பாளர்கள், அந்தப் பாட்டைத் தாளில் பிடிக்க முடியாமல் திண்டாடியதை முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார்கள். இவர்கள் நாம் அறிந்த முறையில் குரல் பிரித்துப் பாடுவதில்லை, ஆனால் எந்த இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பாடுவதாகவும் தெரியவில்லை என்பது அவர்கள் சொன்னதன் சாரம். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் அவருக்கு 'பேஸ்' (அடித்தளம்) கொடுப்பார்கள் என்றும் எழுதிவைத்தார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் முன்பாட்டும் பின்பாட்டும்.

அந்தப் பாட்டின் வழிவந்த கறுப்பினக் கிறிஸ்தவப் பக்திப் பாட்டுதான் காஸ்பல். அதைப் பாடும் குழுவான காஸ்பல் கொயரை நடத்த வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பாட்டுக்காரராக ஆசைப்பட்டு வருகிறார்கள். வேலையோ பின்பாட்டைக் கட்டுவது. பின்பாட்டு உறுதியாக இருந்தால் சுமாரான குரல் உள்ள ஒருவர் முன்னால் நின்று பாடினாலும் கூடம் நிறையும். அது ஆட்டம் கண்டால் எப்பேர்ப்பட்ட குரலும் தனியாகத் தொங்கும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் குரல் தேர்வு வைக்காமல், தாள் பார்க்காமல், வாரம் ஒருமுறை கூடும் 25 முதல் 40 பேர் கொண்ட குழுவுக்கானது.

எந்த ஓடையிலிருந்து எடுக்கிறோம்

'காஸ்பல்' என்று ஒரே பெயரில் குறிப்பிடுவதற்குள் குறைந்தது மூன்று வகைப் பாட்டு இருக்கிறது. மூன்றையும் ஒரே மாதிரி நடத்தினால் மூன்றும் கெடும்.

மிகப் பழையது, தோட்டங்களிலும் ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரத் தீவுகளிலும் வளர்ந்த 'ஸ்பிரிச்சுவல்' என்ற அடிமைகளின் பக்திப் பாடல்களும் 'ரிங் ஷௌட்' என்ற வட்டப் பாட்டும். வட்டமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கால்களைக் குறுக்கே போடாமல் தேய்த்துத் தேய்த்து நகர்வார்கள். ஒருவர் கழியால் மரத்தரையில் தாளம் போடுவார். வாத்தியம் கிடையாது. இந்த வகையைப் பழக்கும்போது கொயர் மாஸ்டர் எதிரே நிற்கக் கூடாது, வட்டத்துக்குள் ஒருவராக நிற்க வேண்டும்.

இரண்டாவது, அதே பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்த கச்சேரிப் பாணி. நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கியபோது 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ் என்று பெயர் பெற்ற அவர்கள், கைத்தட்டும் ஆட்டமும் இல்லாமல், மெல்லிய குரலில் இழைத்துப் பாடினார்கள். இதற்கு எதிரே நின்று கையசைத்து நடத்தும் முறை பொருந்தும்.

மூன்றாவதுதான் பெயருக்குரிய காஸ்பல். 1920-களில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் புளூஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்த தாமஸ் டார்சி, 1930-களின் தொடக்கத்தில் சிகாகோ தேவாலயங்களில் அந்த பியானோ நடையை ஜெபப் பாட்டுக்குள் கொண்டுவந்து கொயர்களை உருவாக்கினார். மதுக்கடைச் சங்கீதம் என்று முகம் சுளித்த போதகர்கள் அப்போது நிறையவே இருந்தார்கள். பின்னால் ஜேம்ஸ் கிளீவ்லண்ட் போன்றவர்கள் வழியாக நூறு பேர் நின்று பாடும் பெருங்கொயர் ஒலி உருவானது. இங்கிலாந்தில் கரீபியக் குடும்பங்களின் தேவாலயங்களிலிருந்து 1982-ல் எழுந்த லண்டன் கம்யூனிட்டி காஸ்பல் கொயர், அதை எல்லோருக்குமான மேடைக்குக் கொண்டுவந்தது. இந்த வகைக்கு டிரம், பேஸ் கிட்டார், ஆர்கன் எல்லாம் உண்டு. நடத்தும் முறையும் முற்றிலும் சைகைதான்.

புதிய குழு முதல் வகையில் தொடங்குவது நல்லது. மூன்றாவது வகையின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கி அதிலேயே தொடங்கும் குழுக்கள், கீபோர்டு நின்றதும் தாங்களும் நின்றுவிடுகின்றன.

ஆள், இடம், நேரம்

25 பேர் இருந்தால், மூன்று குரலாகப் பிரிக்கும்போது ஒரு குரலுக்கு எட்டுப் பேர் தேறும். ஒருவருக்கொருவர் தோள்கொடுக்க அது போதும். 15-க்குக் கீழே போனால் இரண்டு குரலோடு நிறுத்துங்கள். மரத்தரையுள்ள, கூரை மிக உயரமில்லாத கூடம் நல்லது. கம்பளம் விரித்த அறையில் பாடுகிறவருக்குத் தன் குரல் திரும்ப வராது. அதனால் கத்தத் தொடங்குவார். நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவையுங்கள், வேண்டியவர் எடுத்து உட்காரட்டும். நின்று பாடுவதுதான் வழக்கம், ஆனால் முழங்கால் வலியுள்ளவரை நிற்கவைப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை.

இரண்டு மணி நேரம் சரியான அளவு. உடலும் குரலும் சூடேற 12 நிமிடம், ஏற்கெனவே தெரிந்த பாட்டு 10, புதுப்பாட்டு 35, தேநீர் 15, இரண்டாவது பாட்டு 30, கடைசி 15 நிமிடம் திருத்தம் எதுவும் சொல்லாமல் பாடித் தீர்ப்பது. தேநீரை வெட்டிவிட்டு இன்னொரு பாட்டு கற்றுக்கொடுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அடுத்த வாரம் ஆள் வருவது அந்த 15 நிமிடத்தால்தான்.

கூட வாடகை, கீபோர்டு வாசிப்பவர் சம்பளம், உங்கள் சம்பளம் மூன்றையும் கூட்டி, பதிவு செய்தவர்களில் பத்துக்கு ஆறு பேர்தான் எந்த வாரமும் வருவார்கள் என்று வைத்து வகுத்துக் கட்டணம் வையுங்கள். வசதிக்கேற்ப மூன்று விலை வைத்து, யார் எதைக் கொடுக்கிறார் என்று கேட்காமல் இருப்பது நடைமுறையில் நன்றாக ஓடுகிறது.

மூன்று குரல், பேஸ் இல்லை

சி.எஸ்.ஐ. தேவாலயக் கொயரில் நாலு குரலில் பாடிப் பழகியவர்கள் வந்ததும், ஆண்களின் கனத்த கீழ்க்குரலைத் தேடி "பேஸ் எங்கே?" என்று கேட்பார்கள். காஸ்பல் கொயரில் சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்டோ (நடுக்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்) என்று மூன்றுதான். கீழ்க்குரலின் இடத்தை பேஸ் கிட்டாரும் ஆர்கனின் கால் கட்டைகளும் எடுத்துக்கொள்கின்றன. மூன்று குரலும் நெருக்கமாக, ஒரே ஏணியில் அடுத்தடுத்த படிகளில் நின்று சேர்ந்தே ஏறி இறங்கும். அந்த நெருக்கம்தான் காஸ்பல் ஒலி. இடைவெளி விட்டால் அது கீர்த்தனைப் புத்தக ஒலியாகிவிடும்.

இதில் டெனருக்குத்தான் சோதனை. ஆண்களின் வசதியான எல்லைக்கு மேலேயே பெரும்பாலும் நிற்க வேண்டியிருக்கும். கனத்த குரலுள்ள பெண்களை டெனரில் சேர்ப்பது வழக்கமான, நல்ல வழி. அவர்களுக்கு அந்த இடம் நெஞ்சுக்குரலில் சுகமாக விழும். எட்டாத ஆண்கள் சொப்ரானோவின் மெட்டையே ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். யார் எந்தக் குரல் என்று முதல் நாளே ஒட்டுச்சீட்டு குத்தாதீர்கள், மூன்று வாரம் மாறி மாறி நின்று பார்க்கட்டும். நிற்கும்போது டெனர் நடுவில், இருபுறமும் மற்ற இரண்டு குரல், அரைவட்டமாக. குறைந்த ஆட்கள் உள்ள குரல் ஓரத்தில் நின்றால் தன்னைத் தானே கேட்காது.

குரலைத் திறக்க ஒரு எளிய வழி: தெருக்கோடியில் போகிற ஆளை "ஏய்!" என்று கூப்பிடச் சொல்லுங்கள். அந்தக் கூப்பாட்டில் வயிறு எப்படி உள்ளே இழுக்கிறது என்று கை வைத்துப் பார்க்கட்டும். காஸ்பலின் குரல் அங்கேதான் இருக்கிறது. பிறகு உதட்டைப் படபடக்கவிட்டபடி ஸ–ப–ஸ என்று ஒரு கட்டை சுதியில் தொடங்கி, அரைக் கட்டை அரைக் கட்டையாக நான்கு கட்டை வரை ஏற்றுங்கள். இதற்கு மேல் பெரிய பயிற்சி தேவையில்லை.

கால் முதலில், கை அடுத்து, குரல் கடைசி

நான்கு எண்ணிக்கையில் கைத்தட்டு 2-லும் 4-லும் விழ வேண்டும். ஆதி தாளமும் பஜனையும் பழகிய கை தானாக 1-ல் விழும். அதில் நமக்கு மட்டும் தனிக் குறை ஒன்றும் இல்லை, லண்டனிலும் பெர்லினிலும் கச்சேரிக் கூட்டத்தின் கை அங்கேதான் விழுகிறது. வாயால் விளக்கிப் பயனில்லை. கால் வழியாகத்தான் இறக்க வேண்டும்: 1-ல் வலது காலை வலப்பக்கம் வை. 2-ல் இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து தொடு, தொடும்போது தட்டு. 3-ல் இடது காலை இடப்பக்கம் வை. 4-ல் வலது காலைச் சேர், தட்டு. பாட்டே இல்லாமல் மூன்று நிமிடம். அதற்கு மேல் ஒரே ஒரு சுரத்தை 'ஊ' என்று நீட்டுங்கள், பிறகு வார்த்தை. எல்லாம் ஒன்றாகக் கொடுத்தால் கால்தான் முதலில் விட்டுப்போகும்.

தட்டுக்கும் சுதி உண்டு. ஜார்ஜியா கடல் தீவுப் பாட்டை 1960-களில் நாடெங்கும் கொண்டுசென்ற பெஸ்ஸி ஜோன்ஸ், தட்டை பேஸ், பாரிட்டோன், டெனர் என்று பிரித்துக் கற்றுக்கொடுத்தார். இரண்டு உள்ளங்கையையும் குழித்துத் தட்டினால் கனத்த ஒலி. கொஞ்சம் விரித்தால் நடு ஒலி. ஒரு கையின் விரல்களை மறு உள்ளங்கையில் அடித்தால் கூர்மையான ஒலி. குழுவை மூன்றாகப் பிரித்து, கனத்த தட்டு நிதானமாக, கூர்மையான தட்டு அதன் இடைவெளிகளில் என்று போட்டுப் பாருங்கள். டிரம் வாங்கும் காசு மிச்சம்.

ஒரு பாட்டை வைத்துப் பார்க்கலாம்

'கும்பயா'வை எடுத்துக்கொள்வோம். சாரணர் முகாமிலும் பள்ளிக்கூடத்திலும் கிட்டாரோடு பாடிச் சலித்த பாட்டு என்று ஒதுக்கிவைக்காதீர்கள். அது வெள்ளைக்கார முகாம்களில் பிறந்தது அல்ல. 1926-ல் ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் என்பவர் ஜார்ஜியாவின் டேரியன் பகுதியில் ஒரு கறுப்பினப் பாடகர் பாடக் கேட்டு மெழுகு உருளையில் பதிவு செய்தது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 'இங்கே வா, ஆண்டவரே' என்பதுதான் பொருள். முன்பாட்டில் யாரோ அழுகிறார்கள், யாரோ ஜெபிக்கிறார்கள் என்று மாறிக்கொண்டே போகும். பின்பாட்டு மட்டும் அதே மூன்று அசை. புதிய குழுவுக்கு இதைவிடத் தோதான பாட்டு கிடைப்பது கஷ்டம்.

சுதி இரண்டு கட்டை, அதாவது டி. நடை தகிட–தகிட–தகிட–தகிட. ஒரு தகிட ஒரு எண்ணிக்கை, மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 60 முதல் 66. தட்டு இரண்டாவது, நான்காவது தகிடவின் முதல் எழுத்தில்.

முதலில் நீங்கள் முழுப் பாட்டையும் இரண்டு முறை பாடுங்கள். யாரும் கூடவே முனகக் கூடாது. அரைகுறையாக முனகியே கற்றுக்கொண்ட தவறு பிறகு போகவே போகாது. அடுத்து வார்த்தைகளைத் தாளத்தில் பேசுங்கள், அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். பிறகு எல்லோருக்கும் மெட்டு, அடி அடியாக:

முதல் அடி: ஸ க ப ப ப த த ப
இரண்டாம் அடி: ஸ க ப ப ப ம க ரி
மூன்றாவது முதல் அடியேதான்.
நான்காம் அடி: ம க ஸ ரி ரி ஸ

எல்லோருக்கும் மெட்டு தெரிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். ஸ க என்ற முதல் இரண்டு சுரமும் எல்லோரும் சேர்ந்து, மூன்றாவது சுரத்தில் மூன்றாக விரியும்.

முதல் அடியில்,
சொப்ரானோ: ப ப ப த த ப
ஆல்டோ: க க க ம ம க
டெனர்: ஸ ஸ ஸ ஸ ஸ ஸ

இரண்டாம் அடியில்,
சொப்ரானோ: ப ப ப ம க ரி
ஆல்டோ: க க க ஸ ஸ, பிறகு கீழ் நி
டெனர்: ஸ ஸ ஸ, பிறகு கீழே த ப ப

நான்காம் அடியில்,
சொப்ரானோ: ம க ஸ ரி ரி ஸ
ஆல்டோ: ஸ ஸ, பிறகு கீழே ப நி நி ப
டெனர்: எல்லாம் கீழ் ஸ்தாயியில் த ப க ப ப க

டெனருக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். முதல் அடி முழுக்க ஒரே ஸ என்பதால் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். அதன் மேல் சொப்ரானோ மெட்டை வையுங்கள். ஆல்டோ கடைசி. நடுவில் நிற்கும் குரல், மேலும் கீழும் இருப்பதைக் கேட்டுத்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மேலும் கீழும் இல்லாமல் தனியாகக் கற்றுக்கொடுத்தால் சேரும்போது மெட்டுப் பக்கம் வழுக்கிவிடும். ஒரு குரலுக்குச் சொல்லும்போது மற்ற இரண்டும் சும்மா இருக்கக் கூடாது. மெட்டை முனகிக்கொண்டே கால் போடட்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றால் பேச்சு கிளம்பிவிடும், அதை அடக்கப் பாட்டைவிட அதிக நேரம் ஆகும்.

கீபோர்டு இதுவரை வரக் கூடாது. சுதி கொடுக்க ஒரு சுருதிப் பெட்டி செயலி போதும். கீபோர்டு மூன்று குரலையும் அமுக்கிப் பிடித்தால் கொயர் சரியாகப் பாடுவது போலவே கேட்கும், பாடாது.

தாளும் வேண்டாம். தாள் பிடித்த கை தட்டாது, குனிந்த கழுத்தில் குரல் மடியும், கண் உங்களைவிட்டுப் போய்விடும். வார்த்தை மறந்துபோகிறவர்களுக்காகப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையை உங்கள் தலைக்குப் பின்னால், சுவரில், கண் உயரத்தில் மாட்டுங்கள். அன்று இரவே மூன்று குரலையும் தனித்தனியாகவும் சேர்த்தும் நான்கு பதிவுகள் செய்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். ஒவ்வொன்றும் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணித் தொடங்கட்டும்.

வேம்ப், இன்வர்ஷன், கை சைகை

காஸ்பலில் பாட்டு முடியும் இடத்தில்தான் பாட்டு ஆரம்பிக்கிறது. கடைசியில் ஒரே ஒரு சிறு அடியைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் பகுதிக்கு வேம்ப் என்று பெயர். எத்தனை முறை என்று முன்கூட்டி முடிவு கிடையாது. முன்பாட்டுக்காரர் அதன் மேல் மனம் போனபடி பாடுவார், கொயர் சுவர் போல நிற்கும்.

சுவரை உயர்த்த இரண்டு வழி உண்டு. ஒன்று சுதியை அரைக் கட்டை ஏற்றுவது, இரண்டிலிருந்து இரண்டரைக்கு. இன்னொன்று இன்வர்ஷன்: ஒவ்வொரு குரலும் தனக்கு மேலே இருந்தவரின் வேலையை எடுத்துக்கொள்ளும். டெனர் இதுவரை ஆல்டோ பாடிய க–ம–க-வுக்குப் போகும். ஆல்டோ, சொப்ரானோவின் ப–த–ப-வுக்கு. சொப்ரானோ, டெனர் பிடித்திருந்த ஸ-வை மேல் ஸ்தாயியில் பிடிக்கும். சுரங்கள் மாறவில்லை, ஆள்தான் மாறினார்கள், ஆனால் கூரை ஒரு முழம் உயர்ந்தது போல இருக்கும். எல்லோரும் ஒருமுறை மற்றவர் குரலையும் கற்றுக்கொண்டால் இது ஐந்து நிமிட வேலை. இரண்டு கட்டையில் இப்படி ஒருமுறை ஏறினால் டெனருக்கு உச்சம் ஜி. அதோடு நிறுத்துங்கள். இரண்டாவது இன்வர்ஷனில் டெனர் மேல் பி வரை ஏற வேண்டும். அது தேர்ந்த கொயரின் வேலை.

இதெல்லாம் சைகையில் நடக்க வேண்டும். ஒவ்வொரு கொயர் மாஸ்டருக்கும் சைகை சற்று மாறும், உங்கள் குழுவுக்குள் மாறாமல் இருந்தால் சரி. விரலால் வட்டம் போட்டால் மீண்டும். கட்டைவிரல் மேலே என்றால் சுதி ஏற்றம். திறந்த உள்ளங்கையை மேல்நோக்கித் தூக்கினால் இன்வர்ஷன். உள்ளங்கை தரையைப் பார்த்தால் அடக்கம். மூடிய முஷ்டி நிறுத்தம். அடுத்த அடியின் முதல் இரண்டு வார்த்தைகளைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் முக்கியம்.

சைகை எப்போது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அடுத்த அடி 1-ல் தொடங்கினால், அதற்கு முந்தைய 3-க்குள் சைகை வந்திருக்க வேண்டும். 4-ல் கொடுத்தால் பாதிப் பேர் போவார்கள், பாதிப் பேர் நிற்பார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல.

எங்கே கெடுகிறது

சுதி இறங்குவது எல்லாக் குழுவிலும் நடக்கும். வாத்தியமில்லாமல் நான்கு நிமிடம் பாடி முடித்துச் சுருதிப் பெட்டியைத் தட்டினால் அரைக் கட்டை காணாமல் போயிருக்கும். "கவனம்!" என்று அதட்டுவதால் அது ஏறாது. முதல் சந்தேகம் ஆல்டோவின் க. நடுவில் நிற்கும் அந்தச் சுரம் சற்றுத் தாழ்ந்தாலும் மற்ற இரண்டும் அதை நோக்கிச் சாயும். டெனரை ஸ பிடிக்கவைத்து, ஆல்டோ க-வை மட்டும் நீட்டி, புருவத்தைத் தூக்கியபடி பாடச் சொல்லுங்கள். கேலியாகத் தோன்றும், வேலை செய்யும். அடுத்த சந்தேகம் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் டெனர். ஒவ்வொரு ஸ-வும் முந்தையதைவிட மயிரிழை கீழே விழும். ஒவ்வொன்றையும் புதிதாக, கொஞ்சம் மேலிருந்து இறக்குவதாக நினைத்துப் பாட வேண்டும்.

நடை ஓடுவது அடுத்தது. தட்டுத்தான் இழுத்துக்கொண்டு ஓடும். தட்டை நிறுத்தி, கால் மட்டும் வைத்துப் பாடுங்கள். ஷேக்கர் என்ற குலுக்கு வாத்தியத்தைக் கொடுப்பதாக இருந்தால், குழுவில் எதற்கும் அவசரப்படாத ஒரு ஆள் நிச்சயம் இருப்பார், அவர் கையில் கொடுங்கள்.

கத்துவது ஆபத்தான குறை. தாடை மேலே தூக்கி, கழுத்து நரம்பு புடைத்தால் உடனே வேம்பை நிறுத்துங்கள். சத்தம் வேண்டும் என்றால் இன்வர்ஷன் போங்கள், உயரமே சத்தத்தைக் கொண்டுவரும். ஒத்திகையில் பத்துக்கு ஏழு பங்குக்கு மேல் குரல் செலவாகக் கூடாது. மறுநாள் காலை நாலைந்து பேருக்குத் தொண்டை கட்டியிருந்தால் தவறு அவர்களிடம் இல்லை.

"எனக்குப் பாட வராது" என்று சொல்லிக்கொண்டு ஒரே சுரத்தில் முனகும் ஒருவர் எப்படியும் வருவார். அவரைப் பின்வரிசையில் ஒளிக்காதீர்கள். அவர் எந்தச் சுரத்தில் முனகுகிறாரோ அதை நீங்கள் பாடி அவரோடு சேருங்கள். இரண்டு குரல் ஒன்றாக ஒலிப்பது எப்படி இருக்கும் என்று பல பேருக்கு வாழ்நாளில் கேட்டுப் பழக்கமில்லை. அங்கிருந்து அரைக் கட்டை அரைக் கட்டையாக நகர்த்தலாம். குழுவில் உறுதியான இரண்டு பேருக்கு நடுவில் நிற்கவையுங்கள். சில மாதம் பிடிக்கும்.

நல்ல குரல்காரர் ஒருவரே எப்போதும் முன்பாட்டுப் பாடுவது இதைவிடப் பெரிய தொல்லை. ஒரு சரணத்துக்கு ஒருவர் என்று சுற்றிவிடுங்கள். பயப்படுகிறவர் பக்கத்தில் நின்று அடியைக் காதில் சொல்லுங்கள். பின்பாட்டு தாங்கும் என்று தெரிந்தால் தைரியம் வந்துவிடும்.

யாருடைய பாட்டு

நம்பிக்கையில்லாதவர்களும் வேறு மதத்தவரும் இந்தக் கொயர்களில் நிறைய. ஆண்டவர், இயேசு என்ற சொற்களை எடுத்துவிட்டு 'அன்பு', 'ஒளி' என்று போடலாமா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். போடக் கூடாது. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு உயிர்தப்பியவர்களின் பாட்டு அது. பாட விருப்பமில்லாதவர் அந்தப் பாட்டில் தட்டலாம், முனகலாம். முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் பிறகு பிரச்சினை வராது. கறுப்பின மக்களின் உச்சரிப்பைப் போலி செய்வதும் வேண்டாம். உயிரெழுத்துகளை அகலத் திறந்து, உங்கள் வாய்க்கு வரும்படி பாடுங்கள். தேவாலய அங்கியும் அப்படித்தான், வழிபாட்டுக்கு உடுத்துவது. சமூகக் கொயருக்குக் கறுப்பு உடையும் ஒரே நிறத் துண்டும் போதும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு நிமிடம் வரலாறு சொல்லுங்கள், ஆனால் கதை கட்டாதீர்கள். ஒவ்வொரு ஸ்பிரிச்சுவலும் தப்பியோடும் அடிமைகளுக்கான ரகசிய வரைபடம் என்று மேடையில் முழங்குவது ஒரு பழக்கமாகிவிட்டது. அப்படிப் பெயர்பெற்ற 'ஃபாலோ த டிரிங்கிங் கோர்ட்' அச்சேறியதே 1928-ல்தான். உண்மையான சாட்சி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? அடிமையாக இருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸ், தாங்கள் பைபிளில் வாக்களிக்கப்பட்ட கானான் தேசத்தைப் பற்றிப் பாடியபோது மனதில் வைத்திருந்தது அடிமைமுறை இல்லாத வடக்கு மாநிலங்களைத்தான் என்று 1855-ல் எழுதியிருக்கிறார். அந்தப் பாடல்களை ஆனந்தத்தின் அடையாளம் என்று நினைப்பவர்களைக் கண்டு தான் வியந்ததை 1845-லேயே எழுதிவிட்டார். இந்த இரண்டையும் சொன்னாலே கொயரின் முகம் மாறும்.

பழைய ஸ்பிரிச்சுவல் பாடல்களுக்கு உரிமைத்தொகை கிடையாது. அவற்றின் புதிய இசைக்கோப்புக்கும், டார்சி காலம் தொட்டு எழுதப்பட்ட காஸ்பல் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கும் உண்டு. கச்சேரி நடக்கும் கூடத்துக்கு இசை உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இணையத்தில் ஏற்றுவது தனி அனுமதி.

முதல் மேடை

பத்து வாரத்துக்கு ஐந்து அல்லது ஆறு பாட்டு, 20 நிமிடம். ஏழாவது வாரத்துக்குப் பிறகு புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். எட்டில் கீபோர்டு வரட்டும், பத்தில் மேடையில் நிற்கும் வரிசையிலேயே ஒத்திகை.

30 பேருக்கு மூன்று மைக், குரலுக்கு ஒன்று. முன்வரிசைக்கு ஒரு மீட்டர் முன்னால், பின்வரிசைக்காரரின் தலைக்குச் சற்று மேலே. மைக்குக்கும் மைக்குக்கும் நடுவே மூன்று மீட்டராவது இருக்கட்டும். அதைவிட நெருங்கினால் ஒரே குரல் இரண்டு மைக்கில் விழுந்து ஒலி குழம்பும். முன்பாட்டுக்காரருக்குக் கையில் ஒரு மைக். கொயர் கேட்பதற்காக வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் கீபோர்டு மட்டும் வரட்டும். கொயரின் ஒலியை அதிலேயே திருப்பிவிட்டால் ஊளையிடும்.

கூட்டத்தைப் பாடவைக்க வேண்டும். அதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கடைசிப் பாட்டில் கூட்டத்தின் பக்கம் திரும்பி, பின்பாட்டை ஒருமுறை பாடிக் காட்டி, கையை நீட்டிக் காத்திருங்கள். முதல் முறை முனகல்தான் வரும். "சத்தம் போதாது" என்று விரட்டினால் இன்னும் சுருங்குவார்கள். அடுத்த முறை நீங்கள் குரலைத் தாழ்த்துங்கள், கொயரும் தாழட்டும். அந்த இடைவெளியை யாராவது நிரப்பியே தீர வேண்டும் என்று கூட்டத்துக்குத் தோன்றும். மூன்றாவது சுற்றில் கூடம் எழும்போது முன்பாட்டை நிறுத்திவிட்டு, மைக்கைத் தாழ்த்தி, 2-லும் 4-லும் தட்டிக்கொண்டு மட்டும் நில்லுங்கள்.